மீன்தொட்டியின் மறுபாதி

அன்பு மகன் டெனிஷுக்கு,

உன் தந்தை அலோசியஸ் எழுதுவது. ஆண் ஜாகுவார் மீன் ஏன் தொட்டியில் இல்லை என்று நீ நேற்று போனில் கேட்டதற்கு முறையாகப் பதில் தர இதை எழுதுகிறேன். இறைவன் அருளால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்கு உண்கிறேன், மஸ்கட்டில் நீயும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன்.

அம்மா இறந்த அன்று, நீ வந்து சேரும்வரை உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தார்கள். சுவரிலுள்ள பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும் என்று பெட்டிக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். கூடத்தில் அது ஒன்றுதான், அதில் தொட்டி நீருக்குக் காற்றூட்டும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உன் அத்தை மகன் பெனின், "மாமா, இத உருவட்டா?" என்றான். தலையசைத்தேன். மோட்டாரை அடுத்த அறையில் செருகலாம் என்ற எண்ணமே எழவில்லை. 'அணைக்கக் கூடாது' என்று நான் எழுதி ஒட்டிய தாள் அதன் மேலேயே இருந்தது. "செத்த வீட்டுல மீனு துள்ளி விளையாடக் கூடாதாக்கும்" என்று பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா தொட்டியை வெள்ளைத்துணியால் மூடிவிட்டார், ஆகவே நீயும் காணவில்லை, நானும் காணவில்லை. அடக்கம் முடிந்து உனக்கு முன்னே வீடு திரும்பித் துணியை விலக்கினேன். ஆண் செத்து மிதந்தது, பெண்ணும் குஞ்சுகளும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து கிடந்தன. மோட்டாரை மறுபடி ஓடவிட்டேன், ஆணைத் தென்னை மூட்டில் புதைத்தேன். உனக்காகக் காத்திருந்ததால் நேர்ந்தது என்று நீ நினைக்கக் கூடாது. அம்மா முகத்தை நீ பார்க்க வேண்டியது முறை, தலையசைத்தவன் நான்.

குஞ்சு பொரித்ததும் ஆண் பெண்ணைக் கடித்துத் துரத்தியது உனக்குத் தெரியும். அம்மா துடைப்பத்தோடு தொட்டிமுன் உட்கார்ந்து, "ஏலே, பெத்தவளயா கடிக்க, இன்னைக்கு ஒனக்கு எறா கெடையாது பாத்துக்கோ" என்று அதட்டுவாள், பிறகு அவனுக்கே இரண்டு கூடுதலாகப் போடுவாள். நடுவே தடுப்புக் கண்ணாடி வைக்கச் சொன்னதும் அவள்தான். அதை நான் இன்னும் எடுக்கவில்லை. காலையில் ஆண் இருந்த மறுபாதியிலும் இறால் போடுகிறேன், மாலையில் அதை வலையால் வாரி வெளியே கொட்டுகிறேன்.

தொட்டியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய். இப்போது அது முடியாது. குஞ்சுகள் விரல்நீளம் ஆகிவிட்டன, பாதித் தொட்டி போதாமல் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கின்றன. குளத்தில் விடலாம் என்கிறான் பெனின், குளத்து மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும், அது தவறு என்று சொல்லிவிட்டேன்.

மாதா உன்னைக் காப்பாராக. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறவாதே, அம்மாவின் நினைவுப் பூசைக்கு விடுப்பு இப்போதே கேட்டு வை. இதை மடித்து உறையிலிட்டதும், அந்தக் கண்ணாடியை உருவி எடுத்துக் கழுவி, வெளியே சாய்த்து வைக்கப் போகிறேன்.

உன் அப்பா,
ம. அலோசியஸ்