பலாலி லொறியின் இரண்டு ஒட்டுகள்

உரும்பிராய்,
ஆடி, 1946.

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை சிவக்கொழுந்து வணங்கி எழுதுவது. கொழும்பில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எங்களுக்கு உடம்புக்குச் சுகம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் மிளகாய்க் கன்றுகளுக்கு இறைப்பதுதான் பெரும்பாடு. மனதுக்குத்தான் சுகமில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

உங்களோடு படித்த தொண்டைமானாற்றுத் தேவராசா ஒரு லொறி வாங்கப் போகிறார். யுத்தம் முடிந்து ஆமிக்காரர் ஏலத்தில் விட்டதை யாழ்ப்பாணத்தில் சிமியோன் என்பவர் எடுத்து, புதுப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார். மீன் ஏற்றவும், ஆவணியில் சந்நிதி முருகன் திருவிழாவுக்குச் சனங்களை ஏற்றி இறக்கவும் தேவராசாவுக்கு அது வேண்டுமாம். ஆமியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஒரு ஆணியும் மாற்றவில்லை என்று சிமியோன் சொன்னதை நம்பலாமா என்று பார்த்துச் சொல்ல, என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். பலாலியில் ஆமி லொறி ஓடியவர் என்றபடியால் கேட்டார். அந்த விபத்துக்குப் பிறகு இவரை ஒருவர் தேடிவந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தலைக்குத் தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார், அண்ணை.

திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிட்டார். அங்கே வைத்துத்தான் எனக்கு எல்லாம் சொன்னார். முதலில் எல்லாம் நல்லதாகவே தெரிந்ததாம். இயந்திரம் ஆமியினுடையதுதான், சில்லுகளும் அப்படியே. பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்தபோது அதன் பிணைச்சல் வேறு விதமாக இருந்திருக்கிறது. அந்தக் கதவு வேறொரு லொறியின் கதவு. அடிச்சட்டத்தில் இலக்கம் குத்தியிருக்கும் இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கீழே குனிந்து பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் தடிப்பாகத் தார் பூசியிருக்கிறது.

"இஞ்சாரும், உது என்ரை லொறிதான்," என்றார்.

கல் ஏற்றிக்கொண்டு போகையில் இவரோடு கவிழ்ந்த லொறி. இடப்பக்கம் இருந்த உதவியாள் இன்னாசித்தம்பி அந்தக் கதவோடு நசுங்கித்தான் செத்தான். வேகமாக வளைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் எழுதி இவரை வேலையால் நிறுத்தினார்கள். வளைக்க முதலே கீழே ஏதோ முறிந்தது, அதற்கு முன்னமே சட்டத்தில் வெடிப்பு இருந்தது, பற்றவைத்து ஒட்டுப் போட்டுத்தான் ஓடவிட்டார்கள் என்று இவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அன்று கிணற்றடியில் நின்றபடி, இந்த மனிசனுக்குக் காணும் லொறியெல்லாம் அந்த லொறியாகத் தெரிகிறதோ என்றுதான் பயந்தேன். சிமியோனும் அதைத்தான் தேவராசாவிடம் சொல்லிச் சிரித்தாராம். ஆளைக் கொன்ற சாரதிக்கு எந்த லொறியைக் கண்டாலும் நடுக்கம்தானே என்று.

ஞாயிற்றுக்கிழமை சிமியோன் பூசைக்குப் போயிருந்த நேரம் நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி லூர்த்தம்மா நின்றார். இவர் ஒன்றும் மறைக்காமல், இன்னாசித்தம்பியின் பெயரையும் சொல்லி, கீழே ஒருதரம் பார்க்க விடச்சொல்லிக் கேட்டார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சாக்கும் மண்ணெண்ணெய்த் துணியும் கொண்டுவந்து தந்தார்.

இவர் தாரைத் துடைத்துவிட்டு வெளியே வந்து, என்னைப் பார்க்கச் சொன்னார். நான் சாக்கை விரித்துப் படுத்து, லொறிக்குக் கீழே போனேன். சட்டத்தில் ஒட்டு ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்று புதிது, பளபளவென்று. அதற்கு இரண்டு பக்கமும் பழையது. பழைய ஒட்டின் மேல் ஆமியின் பச்சைப் பெயின்ற் அப்படியே இருந்தது. அதன் நடுவால்தான் இரும்பு பிளந்து, அந்தப் பிளவில் புது ஒட்டுப் போட்டிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், அண்ணை. ஆமிக்காரர் ஒட்டிப் பெயின்ற் அடித்த பிறகுதான் அது முறிந்திருக்கிறது. இவர் அன்றிலிருந்து சொன்னது அதுதானே.

"தெரியுதோ?" என்று வெளியே நின்று கேட்டார்.

"ஓம்," என்றேன். நான் வெளியே வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேரே தொண்டைமானாற்றுக்குப் போனோம். தேவராசா மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் முற்பணம் கொடுத்தாயிற்றாம். ஒட்டின இரும்பு பழைய இரும்பிலும் பலமென்று சிமியோன் அடித்துச் சொல்கிறாராம். புருசன் பேரைக் காப்பாற்றப் பெண்சாதி சாட்சி சொல்கிறாள் என்று ஊர் சொல்லாதோ என்று என்னையே கேட்டார். கடைசியில், உங்கள் அண்ணை சொன்னால் யோசிக்கிறேன் என்றார்.

அந்த லொறியில் சந்நிதிக்குப் பிள்ளைகுட்டிகளோடு சனம் ஏறப்போகிறது. சுமை கூடினால் சட்டம் அதே இடத்தில்தான் விடும் என்கிறார் இவர். இப்போது இரவில் நித்திரையில்லை அவருக்கு. தன் பேர் போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கிறாரில்லை. ஆவணி எப்போது பிறக்கிறது என்று மட்டும் கேட்கிறார்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் தேவராசாவுக்கு எழுதுங்கோ. நான் கண்ணால் கண்டு, கையால் தொட்டதை எழுதியிருக்கிறேன் என்று சொல்லுங்கோ. மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சந்நிதியான் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

அண்ணை, விசாரணை முடிந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் அவர் சுகத்தை விசாரிப்பதில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. தேவராசாவுக்கு எழுதும்போது, இவருக்கும் ஒரு வரி, இவர் பெயருக்கே எழுதுங்கோ.

உங்கள் தங்கை,
அ. சிவக்கொழுந்து