சப்போட்டாவும் சம்பந்தியம்மாவும்

9 மே 2006, செவ்வாய்

அக்னி வெயில். உப்பளத்துப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. நேற்று ஓட்டுப் போட்ட மை விரலில் அப்படியே. பள்ளிக்கூடம் லீவு, அதனால் நான் சமைக்கிற சத்துணவுக் கூடமும் லீவு. எனக்கு வீட்டில் லீவு இல்லை. மகள் கவிதாவுக்கு ஒன்பதாம் மாதம்.

வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வந்ததிலிருந்து வாரம் தவறாமல் வருகிறார் அவள் மாமியார். அவர் ஊர் இடையஞ்சாவடி, செம்மண். விரலை ஊன்றினாலும் காய்க்கும். (இனி ச.அம்மா என்றே எழுதுகிறேன். சம்பந்தியம்மா என்று முழுசாக எழுதினால் மை வீண்.)

இன்று ச.அம்மா இறக்கியவை:
மாம்பழம், கூடை நிறைய.
பலாச்சுளை. கொட்டை எடுத்து, டப்பாவில் போட்டு.
கொய்யா.
முந்திரிப்பழம். தொண்டை கரகரக்குமே என்றேன். உப்புத் தொட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதாம். மரக்காணத்துக்காரிக்கு உப்புப் பாடம்!

"பலா சூடு, மாசமா இருக்கறவளுக்கு ஆவாது" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு சொளதானே சம்பந்தி. ஆசப்படுது பொண்ணு."

பொண்ணு டப்பாவைக் காலி செய்துவிட்டு, "அத்த தோட்டத்துப் பலா மாதிரி எங்கியும் கெடைக்காதும்மா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. என் நோட்டில் எழுத எனக்கென்ன வெட்கம்.

நம் வீட்டில் இருப்பது ஒரே மரம், பின்பக்கத்துச் சப்போட்டா. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாயடியிலிருந்து குடம் சுமந்து, அரிசி களைந்த தண்ணீரையும் விடாமல் ஊற்றி வளர்த்தது. இந்த வருஷம் நல்ல காய்ப்பு. கவிதா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

10 மே, புதன்

மதியம் முழுக்க கரண்ட் இல்லை. விசிறி விசிறிக் கை வலி.

ஞாயிற்றுக்கிழமை ச.அம்மா மறுபடி வருகிறாராம். மாப்பிள்ளை போன் செய்தார். அதற்குள் நம் சப்போட்டா பழுத்தாக வேண்டும்.

நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலுக்கடியில் பச்சை. மஞ்சள் தட்டிய பிறகுதான் பறிக்க வேண்டும். எனக்குத் தெரியாததா?

கவிதா அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. எதற்கும் அவசரப்படாத மனுஷன். "இன்னும் ஒரு வாரம் மரத்துலயே இருக்கட்டுமே. அது என்னா ரயிலா புடிக்கப் போவுது?"

பறித்துவிட்டேன். தொரட்டிக்கு எட்டியது எல்லாம். கையெல்லாம் பால். கழுவி, துடைத்து, அரிசி டிரம்முக்குள்.

14 மே, ஞாயிறு

டிரம்மைத் திறந்தால் எல்லாம் கல். ஒன்று மட்டும் லேசாக அமுங்கியது. ச.அம்மாவின் மாம்பழத் தட்டு வருவதற்கு முன்னால் அதை நறுக்கிக் கவிதாவிடம் நீட்டினேன்.

கடித்தாள். மென்றாள். முகம் கோணியது. எனக்காக விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. பிசின் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் விழித்தாள்.

ச.அம்மா அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, முந்தானையில் தொட்டு அவள் உதட்டைத் துடைத்தார். குத்திக் காட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். என் வீட்டில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது?

கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "தலப்பிரசவம் அம்மா ஊட்லதான், எனக்கும் தெரியும் சம்பந்தி. ஆனா இங்கருந்து பாண்டி ஆஸ்பத்திரி எம்மாந்தூரம்? திடீர்னு வலி எடுத்தா இன்னா பண்ணுவீங்க? எங்க ஊடு கிட்டக்க. அடுத்த ஞாயித்துக்கெழம கார் எடுத்தாரேன். யோசிச்சு சொல்லுங்க."

சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

17 மே, புதன்

கவிதாவுக்குக் கால் வீக்கம். கொலுசைக் கழற்றி வைத்தோம்.

உச்சிக் கிளையில் என் தொரட்டிக்குத் தப்பிய காய்கள் கொஞ்சம். கவிதா அப்பாவை ஏறச் சொல்லிக் கீறிப் பார்த்தேன். மஞ்சள்! பூப்போல இறக்கியாயிற்று. மறுபடி டிரம்.

சாயந்தரம் அவளிடம் கேட்டே விட்டேன். "போறியா?"

"நீ இன்னா சொல்ற?"

"நீ சொல்லுடி."

"கால் வீங்குதும்மா. பயமா இருக்குது."

நியாயம் எல்லாம் அந்தப் பக்கம். என் பக்கம் சப்போட்டா மட்டும்.

21 மே, ஞாயிறு

காலையில் டிரம் மூடியைத் திறந்ததும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. கார் வந்து நின்றபோது தட்டும் தயார்.

கவிதா ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இதும்மா. இதுதான்." தோலைக்கூட விடாமல் வழித்தாள். சின்ன வயதிலும் இப்படித்தான்.

ச.அம்மா ஒரு துண்டு எடுத்தார். இன்னொன்று எடுத்தார். அப்புறம், "உங்க கிட்ட சொல்றதுக்கு என்னா. எங்க ஊட்ல இவளுக்கு எத குடுத்தாலும், எங்கம்மா மரத்து சப்போட்டா மாதிரி வருமான்னுதான் சொல்லிக்கினு இருப்பா. எனக்குப் பொறுக்கல. அதான் மூட்ட மூட்டயா தூக்கினு வந்தேன்" என்றார்.

கவிதா அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன்! இத்தனை நாள் எரிந்தது நான் மட்டும் இல்லை.

"நீங்களும் வந்து எங்க ஊட்லயே இருங்க சம்பந்தி. பொறக்கற வரைக்கும்."

வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே. ஜெயித்த திமிர். "நான் வந்துட்டா மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றேன்.

கவிதா என்னைப் பார்த்தாள். அவள் அப்பாவும் பார்த்தார். மீதிப் பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். கார் கவிதாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறு வேலை இல்லை.

23 மே, செவ்வாய்

காலையில் போன். ச.அம்மா. விடிகாலையில் பெண் குழந்தை. இரண்டு பேரும் சௌக்கியம். உட்கார்ந்து அழுதேன்.

"அம்மா அம்மான்னு உங்களத்தான் கூப்ட்டுக்கினே இருந்தா. சக்கரத் தண்ணி இன்னும் வெக்கல சம்பந்தி. அம்மாவப் பெத்த ஆயா நீங்கதான் வந்து வெக்கணும்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்க."

பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் இனிப்புத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இதோ வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்களே வெச்சிடுங்க" என்றேன். "என் கொணம் அதுக்கு வாணாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சரிங்க சம்பந்தி."

கவிதா அப்பா ரோட்டோரம் பாண்டி பஸ்ஸுக்குக் கை காட்ட நிற்கிறார். நான் புளியமரத்தடியில், நோட்டு மடியில். சொன்னது நான்தான். மனசாரத்தான் சொன்னேன். அவர் விரல், என் பேத்தியின் நாக்கு. இந்நேரம் வைத்திருப்பார். வயிறு எரிகிறது.