வயர் இல்லாத டிரைவ்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
04.08.2025

அன்புள்ள அருந்தவன்,

உறையில் என் கையெழுத்தைக் கண்டும் கிழித்துப் போடாமல் இதை வாசிக்கிறாய் என்றால் சந்தோஷம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு போனில் கோல் எடுத்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அதுதான் எழுதுகிறேன். விலாசம் உன் தங்கச்சி தந்தாள்.

நீயும் நானும் சேர்ந்து செய்த அதே கலியாண வீடியோத் தொழிலைத்தான் இன்னும் தனியாகச் செய்துகொண்டு திரிகிறேன். முழங்கால் நோவு வேறு. எனக்கு ஒரு தொழில் சந்தேகம். வயர் இல்லாமல் வைஃபையில் ஓடும் ஹார்ட் டிரைவ் வாங்கலாமா? மகாதேவன் அண்ணையின் இளைய மகளுக்கு நவம்பரில் கலியாணம். அதே ஸ்பிரிங்வேல் மண்டபம். "இந்தமுறை வயர் கியர் ஒண்டும் வேண்டாம் தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூத்தவள் வினுஷாவின் கலியாணத்தில் நடந்ததை அவர் மறக்கவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் உன்னை விட்டால் எனக்கு யார்? வீட்டில் யோகராணியைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

உன் பழைய கூட்டாளி,
சிறி


வென்ட்வேர்த்வில், சிட்னி
15.08.2025

டேய் சிறி,

கிழிக்கத்தான் போனேன். யோகராணி பறித்து வைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் ஒரு கதையும் இல்லை. இப்போது டிரைவ் வாங்கலாமா என்று கேள்வி. நீ திருந்தவே மாட்டாய்.

வாங்காதே. காரின் பின்சீட்டில் பிள்ளைகள் படம் பார்க்க அது நல்லது. உனக்குச் சரிவராது. வைஃபையில் வீடியோ ஏற்றத் தொடங்கினால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஹனிமூன் போய் வந்தாலும் முடியாது. சிலதில் கமெரா கார்டை நேரே செருகலாம், அது ஒன்றுதான் வசதி. ஆனால் தாலி கட்டி முடியப் பற்றறி இறங்கிவிடும். பிறகு சார்ஜ் போட வயர்தானே வேண்டும்? விலையும் அநியாயம். வயருள்ள சின்ன டிரைவ் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஏற்று. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கார்டை அழிக்காதே.

அன்றைக்கு நாங்கள் செய்த மடைத்தனம் அதுதான். மத்தியானமே கார்டுகளை அழித்துவிட்டு, வினுஷாவின் தாலிகட்டு முழுவதையும் ஒரே டிரைவில் வைத்திருந்தோம். அதை மேசை நுனியில் வைத்தவன் நான். விழுந்து செத்துப்போனது.

மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மகாதேவன் அண்ணை என்னை ஏசியது இன்னும் காதில் நிற்கிறது. சிட்னிக்கு ஓடிவந்தும் விடவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் தேத்தண்ணித் தட்டைத் தொட ஏலாது. "இஞ்ச விடுங்கோப்பா, விழுத்திப்போடுவியள்" என்பாள் யோகராணி. பகிடிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நோகும். அதற்குப் பிறகு நான் ஒரு கலியாணமும் எடுக்கவில்லை. கமெராவை மாதம் ஒருமுறை துடைத்து அலுமாரியில் வைப்பதோடு சரி.

அருந்தவன்


கிரெய்கிபர்ன்
25.08.2025

அருந்தவன்,

அந்தத் தேத்தண்ணித் தட்டைப் பற்றி வாசித்தேன். இனியும் மறைத்தால் நான் மனிசனே இல்லை.

டிரைவ் தானாக விழவில்லை. நான் வடைத் தட்டோடு மேசைக்குப் பின்னால் வந்தேன். புதுச் சப்பாத்து. வயர் காலில் மாட்டி இழுத்துவிட்டது. ஒருத்தரும் காணவில்லை. டிரைவ் வயரோடு நிலத்தில் கிடந்ததைத்தான் அண்ணையும் பிறகு கண்டார். நீ கை கழுவிவிட்டு ஓடி வந்தாய். "ஐயோ, ஆர் இதை நுனியில வைச்சது?" என்று நான்தான் முதலில் கத்தினேன். "நான்தான் வைச்சனான்" என்றாய் நீ. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

மகாதேவன் அண்ணை சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். "வயரும் வேண்டாம், அந்த விழுத்தின மனுசனும் வேண்டாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்த பிறகு இருக்க முடியவில்லை. டிரைவைச் சாக்காக வைத்து உனக்குக் கடிதம் எழுதினேன். வயரைக் கண்டால் இன்றைக்கும் என் கால் கூசுகிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சிறி


வென்ட்வேர்த்வில்
28.09.2025

சிறி,

ஒரு மாதம் பதில் போடாததற்குக் காரணம் ஆத்திரம். நேரில் கண்டிருந்தால் அடித்திருப்பேன். தொழில் போனதைக்கூட விடலாம். நான் கவனமில்லாதவன் என்று என்னையே நம்பவைத்துவிட்டாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு உன் கடிதத்தை யோகராணியிடம் கொடுத்தேன். வாசித்தாள். பின்னேரம் அவளுடைய தமையன் குடும்பம் வந்தது. தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குசினிக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். தட்டில் ஏழு கோப்பை, எங்கள் கலியாணத்துக்கு வந்த மெல்லிய கோப்பைகள். "இந்தாங்கோ, கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மன்னிப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் மகாதேவன் அண்ணையிடம் நீயே போய்ச் சொல். போனில் இல்லை, நேரில். அதுவரை எனக்கு எழுதாதே.

டிரைவ் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

அருந்தவன்


கிரெய்கிபர்ன்
06.10.2025

அன்புள்ள அருந்தவன்,

நேற்றுப் போனேன். அண்ணை கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் சொல்லி முடிய அது ஆறிவிட்டது. வினுஷாவும் இருந்தாள், நடுவிலேயே எழும்பி உள்ளே போய்விட்டாள். அண்ணை ஆறின கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தப் பொடியனையெல்லோ நான் அத்தனை சனத்துக்கு முன்னால பேசினனான்" என்றார். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. நான் வீடியோ எடுக்க வரவேண்டாம் என்றார். உன் நம்பரைக் கேட்டார். உன் தங்கச்சியிடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணையின் கோல் வந்தால் எடு. கமெராவைத் துடைத்துத்தானே வைத்திருக்கிறாய். வயருள்ள டிரைவ் இரண்டு உனக்காக வாங்கியிருக்கிறேன். வயரைத் தரையோடு ஒட்ட அகல டேப்பும் இருக்கிறது. பிடித்து ஒட்ட ஒரு ஆள் வேண்டுமென்றால், அண்ணையிடம் கேட்டுச் சொல்லு. சப்பாத்தை மண்டப வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

சிறி