பரங்கிப்பூவின் காவல்

ஜூலை 4
பரங்கி நன்றாகப் பூத்திருக்கிறது. பூவுக்குப் பூ ஒரு மஞ்சள் எட்டுக்கால்பூச்சி. வலை கட்டாது, பூவோடு பூவாக உட்கார்ந்து, வருகிற பூச்சியைப் பிடித்துத் தின்னும். கூலி கேட்காத காவல். இந்த முறை மருந்தே அடிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆங், உன் இஷ்டம் என்றார்.

ஜூலை 9
ஒன்று தேனீயைக் கவ்விக்கொண்டிருந்தது. தேனீ வராவிட்டால் பிஞ்சு எப்படிப் பிடிக்கும்? போகட்டும், ஒன்றுதானே.

ஜூலை 12
பொதட்டூர்பேட்டை, அக்கா வீடு. நாளைக்குத்தான் திரும்புவேன்.

ஜூலை 15
விடிந்ததிலிருந்து கொல்லையில் நின்றேன். ஒரு தேனீகூட இல்லை. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்கிறது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. இதுகளை நம்பியா அவரிடம் மருந்தே வேண்டாம் என்றேன்? ஆத்திரத்தில் பூப்பூவாகத் தேடி, கண்ணில் பட்டதையெல்லாம் நசுக்கினேன். அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வளத்ததுதானே" என்றார்.

ஜூலை 16
நான் கை வைக்காத ஓரத்துப் பூக்களிலும் அவை காலை மடக்கிச் செத்துக் கிடக்கின்றன. தேனீயைத் தின்று கொழுத்தவை ஏன் சாக வேண்டும்?

பக்கத்துக் கொல்லை குப்பம்மாளிடம் கேட்டேன். "நீ அக்கா வூட்டுக்குப் போனப்போ உன் வூட்டுக்காரு எங்க டேங்க வாங்கினு போய் மருந்து அடிச்சாரே. உனுக்குத் தெரியாதா?"

அதுவும் காலையிலாம். பூ விரிந்து, தேனீ வருகிற நேரத்தில்.

ஜூலை 17
கேட்டேவிட்டேன். காயில் புழு விழுந்ததாம். சொன்னால் சண்டைக்கு வருவேனாம். வந்திருப்பேன்தான். மருந்து அடித்ததைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் —

"நான் அதுங்கள நசுக்கும்போது பாத்துகினுதானே நின்னீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாம் தெரியும் அந்த ஆளுக்கு. தெரிஞ்சே பழிய அதுங்க மேல போட்டு, என் கையாலயே கொல்ல வுட்டு... சீ.

ஜூலை 29
கிருத்திகை. கோயிலுக்குச் சேர்ந்துதான் மலையேறினோம். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11
காலையில் ஆண்பூவைக் கிள்ளி, பெண்பூக்களில் அவரே தொட்டு வைக்கிறார். சில காய்கள் பிடித்திருக்கின்றன. சிரித்துப் பேசுகிறார். நானும் பேசுகிறேன். மத்தியானம் வந்து, கே.ஜி.கண்டிகை வரைக்கும் மழை வந்துவிட்டது, காயவைத்த மிளகாயை அள்ளு என்றார். சரி என்றேன். தெருவுக்குப் போய், அந்தப் பக்கமிருந்து வந்த ஆட்டோக்காரரிடமும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வந்து அள்ளினேன்.