அடிமரத்துச் சிவப்புக் கோடு

மண்ணரை, திருப்பூர்
கார்த்திகை 12, வெள்ளி

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி மது மூன்று பேரும் சென்னிமலையான் தயவில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை சிவபிரகாசும் நைரோபியில் வேளைக்குச் சாப்பிட்டு உறங்கி எழுந்திருக்கிறீர்களா என்று தெரிந்தால் போதும், வேறு எதுவும் நீ எழுத வேண்டாம். விமானம் ஏறிப் போய் மூன்று மாதம் ஆகிறது, என் போனை நீ ஒரு தடவையும் எடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை கண்ணு. மாப்பிள்ளை கம்பெனிக்குச் சாம்பிள் துணி எடுத்துக்கொண்டு நம் குமாரசாமி நாளைக்குப் புறப்படுகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் அம்மா இடித்த பருப்புப்பொடியும் வரும். போன் என்றால் அக்கா அணைத்துவிடுவாள், காகிதத்தை என்ன செய்வாள் என்று மதுதான் சொன்னாள். (காகிதத்தையும் அணைக்கலாம் அக்கா, கட்டிக்கொண்டு. இது மது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அப்பாவுக்குத் தெரியாது.)

நானே எழுதாததற்குக் காரணம் கண்தான். ஐப்பசியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள், ஒன்றரை மாதத்துக்குத் தூசியில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது, கிட்டத்தில் வைத்து எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பட்டறையை மூடிவிட்டேன், வீரபாண்டியில் ஒரு கம்பெனிக்கு நாலு கட்டிங் டேபிள் செய்து தருவதாகச் சொன்னது அப்படியே நிற்கிறது. (கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பால்காரர் யாரோ புது ஆள் என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.) கிட்டத்தில் இருப்பது இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டத்தில் இருப்பது கழுவி வைத்த மாதிரி தெரிகிறது. கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நம் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் தலைவாசல் வாசக்காலைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், சுற்றி வளைப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

அந்த மரம் உனக்கு நினைவிருக்கும். நல்ல வாகை தேடி நீயும் நானும் வண்டியில் எத்தனை மரக்கடை ஏறி இறங்கினோம், போன இடத்தில் எல்லாம் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி வாகை என்று சொன்னார்கள். பட்டையைச் சீவிவிட்டால் பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, கையில் தூக்கினால்தான் தூங்குமூஞ்சியின் கனக்குறைச்சல் தெரியும். அதைவிடச் சுருக்கு வழி மூக்கு. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மாமல் இருக்க முடியாது. கடைசியில் கம்பெனி குடோன் கட்டுவதற்காகத் தோட்டத்தை அழித்த இடத்தில் அந்த மரம் கிடைத்தது, வாள் வைத்ததும் நீ ஒன்பது தும்மல் தும்மினாய், இதுதான் வாகை என்று நான் சொல்வதற்கு முன்னால் உன் மூக்கு சொல்லிவிட்டது. நன்றாகக் காய்ந்த ஒரே மரத்தில் இரண்டு காலும் மேல்சட்டமும் எடுத்து, உப்புத்தாள் போட்டு, பனியன் வேஸ்ட்டில் ஆளிவிதை எண்ணெய் தொட்டு மூன்று கை தேய்த்தேன். நடுவதற்குச் சற்று முன்னால், மண்ணுக்குள் போகும் பக்கத்துக்குக் கரையான் ஏறாமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

மரம் எப்படி நின்று வளர்ந்ததோ அப்படியேதான் வாசலிலும் நிற்க வேண்டும், வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி நட்டால் அந்தக் குடும்பம் தலைகீழாகும் என்று வாசக்கால் செய்கிற எல்லாருக்கும் தெரியும். அறுத்த சட்டத்தில் அடி எது நுனி எது என்று கண்டுபிடிக்க, மரத்தின் ரேகை கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக எழும்பும் அல்லவா, அந்தக் கோபுரத்தின் கூர்முனை மரத்தின் நுனிப்பக்கத்தைப் பார்க்கும். இடது காலில் கோபுரம் எல்லாம் வானத்தைப் பார்க்கிறது. வலது காலில் கோபுரம் எல்லாம் மண்ணைப் பார்க்கிறது கண்ணு. ஒன்றரை வருடம் போகவரத் தொட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலைத் தாண்டித்தான் ஏழாம் மாதம் வளைகாப்புக்கு உன்னை அழைத்துக்கொண்டு வந்தேன். முதல் பிரசவம் நம் வீட்டில்தான் என்று மாப்பிள்ளை வீட்டில் அடம்பிடித்துக் கேட்டு வாங்கினேன். வைகாசியில் ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்த பையனை அந்த வாசலுக்குள் கூட நான் கொண்டுவரவில்லை, நேராக மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு மகளுக்கு வாசல் வைத்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

போன புதன்கிழமை கொத்தனாரை வரவைத்து வாசக்காலைப் பேர்த்து எடுத்துவிட்டேன். அம்மா தடுத்துப் பார்த்தாள், பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். வேலம்பாளையத்தில் ரோடு அகலப்படுத்த வெட்டிய வாகை ஒன்று கிடைத்திருக்கிறது. ரோட்டோர மரம் என்றதும் அறுவை மில் குமாரவேல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான், உள்ளே இருக்கிற ஆணியில் ரம்பம் பட்டால் பல் போய்விடுமாம். மதுவும் அவனுமாக உட்கார்ந்து ஆணியாகப் பிடுங்கினார்கள், ஆணி ஏறிய இடத்தில் எல்லாம் மை ஊற்றின மாதிரி மரம் கறுத்திருக்கிறது, அந்தப் பாகம் வாசலுக்கு ஆகாது என்று ஒதுக்கச் சொல்லிவிட்டேன். (எல்லாம் பனியன் கம்பெனிக்காரர்கள் ஆட்கள் தேவை என்று போர்டு மாட்டிய ஆணிதான் அக்கா. சிங்கர் டைலர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை, கைமடிக்க ஆள் தேவை. நானும் ஒரு போர்டு எழுதி நம் கேட்டில் தொங்கவிட்டேன். அக்கா தேவை, முன் அனுபவம் உள்ளவர் மட்டும், தங்குமிடம் சாப்பாடு இலவசம் என்று. அம்மா பார்த்துவிட்டு அதைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டாள்.) மில்லுக்குள் நான் போகக் கூடாது என்பதால் தூளை மோந்து பார்த்தது மதுதான், ஏழு தும்மல். உன் மூக்கு இல்லாமல் நான் வாங்கிய முதல் மரம் இது. அறுத்து, வெடிக்காமல் இருக்க வெட்டுமுகத்தில் பெயிண்ட் அடித்து, நடுவில் ரீப்பர் கட்டை கொடுத்துக் காற்றோட்டமாக நிழலில் அடுக்கியாயிற்று. சொட்டு மருந்து விட அம்மா கூப்பிடுகிறாள், பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும், மிச்சத்தை வந்து சொல்கிறேன்.

(அக்கா, அப்பா படுத்திருக்கிறார். பத்து நிமிடம்தான் இருக்கிறது. தப்பு அப்பாவின் கண்ணில் இல்லை, என் கையில். சட்டத்தை அறுத்ததும் அடிப்பக்கத்தில் சிவப்புச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு வைப்பார் தெரியுமா, வாசக்கால் வைப்பதற்கு முந்தின நாள் வலது காலில் அந்தக் கோட்டைத் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுமுனையில் நான் போட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அடியும் நுனியும் தெரியும் என்று அவர் அளந்துகொண்டே இருந்தாரே, பார்ப்போமே என்று. காலையில் நடுவதற்கு முன்னால் கத்திச் சிரித்து எல்லாரையும் சிரிக்கவைப்பதுதான் திட்டம். நல்ல நேரம் நாலரை மணிக்கு. நான் தூங்கிவிட்டேன். நீங்கள் எழுப்பினீர்களாம், இந்தத் தூங்குமூஞ்சி எழவில்லை. எழுந்து வந்தபோது கலவை போட்டு, மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்து முடிந்திருந்தது. சொன்னால் அடிப்பார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. வைகாசிக்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியதுதான் காரணம், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார், பள்ளிக்கூடத்தில் படிக்கிற எனக்கும் அது புரிகிறது. ஆனாலும் புதன்கிழமை கடப்பாரை விழும் ஒவ்வொரு அடிக்கும் அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் ஆப்பரேஷன் பண்ணினவர் அழக் கூடாது அக்கா. உனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், என் சரக்கையும் சேர்த்து.)

கீதாஞ்சலிக் கண்ணுக்கு மறுபடியும் அப்பா. மது வாசித்தாள், கேட்டேன். அவள் அடிக்குக் காத்திருக்கிற மாதிரி பக்கத்திலேயே நின்றாள். நான் அவளிடம் சொன்னதையே உனக்கும் எழுதச் சொல்கிறேன். அன்றைக்கு விடிகாலை, கால் ஒரு நூல் அளவு தடிப்பாக இருக்கிறது என்று கொத்தனார் சொன்னார், நான் இழைப்புளியை எடுத்து, கோடு போட்ட முனையிலிருந்து ஒரு இழை இழுத்தேன். அடியிலிருந்து நுனிக்கு இழைத்தால் வெண்ணெய் மாதிரிப் போக வேண்டும், அன்றைக்குப் பிய்த்துக்கொண்டு வந்தது. மரம் என் கையிடம் சொன்னது. நேரம் தப்புகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள், இழைப்புளியின் உளி மழுங்கிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நட்டுவிட்டேன். அதனால் இவளை நீ ஒரு சொல் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். மதுவுக்குப் புரிந்தது எனக்குப் புரியாமல் இல்லை. குழந்தை மேல் குற்றம் சொல்ல முடியாது, உன் மேல் சொல்ல முடியாது, டாக்டர் மேலும் சொல்ல முடியாது. "மரத்து மேல போட்டா மரம் தாங்கிக்கும்னு நெனச்சேன் கண்ணு" என்று சொன்னேன், மது எழுதுவதை நிறுத்திவிட்டாள், எழுது என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறாள்.

பேர்த்தது பேர்த்ததாகவே இருக்கட்டும். புது மரம் காய அடுத்த ஆவணி ஆகும், காய்ந்தாலும் நீ வந்து பார்க்காமல் நான் வாசக்கால் வைக்கப் போவதில்லை. அதுவரைக்கும் தலைவாசல் வெறும் திறப்பாகத்தான் இருக்கும், கம்பெனியில் மிச்சம் விழுந்த பனியன் துணியை அம்மா திரையாகக் கட்டியிருக்கிறாள், குறுக்கே கட்டில் போட்டு நான் படுத்துக்கொள்கிறேன். நீ எப்போது வந்தாலும் எந்த மரத்தையும் தாண்ட வேண்டியதில்லை, யாரும் ஆரத்தி எடுக்க மாட்டார்கள், எந்தக் காலை முன்னால் வைப்பது என்று நீ யோசிக்கவும் வேண்டாம். பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி உள்ளே வந்துவிடு. பருப்புப்பொடியை ஈரக் கரண்டி போடாமல் எடு. மாப்பிள்ளை அழுதால் அழ விடு, அவரும் பையனைப் பறிகொடுத்தவர்தான். சென்னிமலையான் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருப்பான்.

இப்படிக்கு
உன் வரவுக்குத் திறந்து கிடக்கும் வீட்டிலிருந்து
அப்பா அங்கமுத்து

(மேலே இருக்கும் கையெழுத்து அப்பாவே போட்டது, கோட்டுக்கு வெளியே போய்விட்டது, பொறுத்துக்கொள். என்னை அடிக்கவில்லை அக்கா, அடித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சட்டங்களில் அடிப்பக்கத்தை விரலால் தடவித் தடவிக் காட்டிவிட்டு, சிவப்புச் சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் கோடு போட்டேன். அழியாமல் இருக்கட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவை போடப் போனபோது "போதுங் கண்ணு" என்றார்.)