உன்னை நான் ஜாவா படிக்கச் சொன்னது

இன்று காலை ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். இயந்திரத்திலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கியதும் அந்தச் சூடும் மை வாசமும் சேர்ந்து வந்தன. கூடவே நீயும் வந்தாய். தடித்த ஜாவா புத்தகம் ஒன்றை முழுசாக நகல் எடுத்து, சுருள்கம்பி போட்டு, நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோன நீ. அந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னவள் நான். ஏன் சொன்னேன் என்பதை உன்னிடம் ஒருமுறை ஒப்புக்கொண்டேன். முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கல்லூரியில் முதல் வருடத்திலிருந்தே உன்மேல் எனக்குப் பொறாமை. நீ மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்துபோவாய். நான் திருவாடானைப் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு அய்யா லேப்டாப் வாங்கித் தந்திருந்தார். உனக்கு லேப் நேரம் மட்டும்தான். வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் புரோகிராம் எழுதிக்கொண்டு வருவாய். லேபில் உட்கார்ந்து தட்டினால் அது ஓடும். ஒருநாள் மதியம் வரை ஒரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ டிபன் டப்பாவைத் திறந்தபடியே என் திரையை எட்டிப் பார்த்து, "இதில பூச்சியத்தில இருந்தெல்லோ எண்ண வேணும்?" என்றாய். மாற்றினேன், ஓடியது. அன்றைக்கு உன் டப்பாவிலிருந்த மீன் பொரியலை நான் தொடவில்லை.

"ஏனடி, வயிறு சரியில்லையோ?" என்று கேட்டாய்.

"ஆமா, எரியுது" என்றேன். பொய்யில்லை.

படிப்பு முடிந்ததும் ராமநாதபுரத்திலேயே ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மொத்தம் நான்கு பேர். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் செயலி செய்து கொடுப்போம். திரையில் தெரிவதை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பின்னால் தகவலை வாங்கி வைத்துப் பதில் சொல்லும் பேக்கெண்ட் என் பொறுப்பு. பைத்தான் என்ற கணினி மொழியில், அதற்கான ஜாங்கோ என்ற சட்டகத்தை வைத்து எழுதினோம். ஆறு மாதம் போனதும் முதலாளி, "பைத்தான் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருந்தா சொல்லும்மா. இன்னொரு ஆளு வேணும்" என்றார்.

அந்த வாரமே நீ கேட்டாய். மண்டபம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நீ அப்போது முகாமில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாய்.

"எதைப் படிச்சா வேலை கிடைக்குமெண்டு விளங்கேல்லையடி. பைத்தானில ஜாங்கோவா, ஜாவாவில ஸ்பிரிங்கா? நான் தூரத்துக்குப் போகேலாது. கணக்கெடுப்புக்கு முகாமில நிக்க வேணும். ராமநாதபுரத்துக்குள்ள கிடைச்சாத்தான் உண்டு."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உன்னைப் பக்கத்து நாற்காலியில் நினைத்துப் பார்த்தேன். ஒரே மாதத்தில் முதலாளி உன்னைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்வார். நான் மறுபடியும் உன் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஜாவா படி. இங்கன எல்லாரும் அதத்தான் கேக்குறாக" என்றேன்.

"பைத்தான் லேசெண்டு சொல்லுறாங்களே?"

"லேசா இருக்குறதுக்கு எல்லாரும் வந்துருவாக. அதுக்கு என்ன மதிப்பு?"

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி" என்றாய். மறுநாள்தான் அந்த ஜெராக்ஸ்.

எங்கள் நிறுவனத்துக்குப் பரமக்குடியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். சுமாராக எழுதுவான். அவன் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நீ ஒரு வருடம் படித்தாய். பாம்பனில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உன்னிடம் ஒரு வேலை கொடுத்தார். எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை கட்டி ஐஸ் வேண்டும் என்று படகுக்காரர்கள் போனிலேயே பதிவு செய்ய வேண்டும். அவர் தந்த பழைய கம்ப்யூட்டரில், முகாமிலிருந்தே ஜாவாவில் எழுதிக் கொடுத்தாய். துறைமுகம் முழுக்க அதைப் பற்றிப் பேச்சு. எனக்கும் சேதி வந்தது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தேடி வந்தேன். கடற்கரையில் உட்கார்ந்து, "நான் அன்னைக்கு வேணும்னே தப்பாச் சொன்னேன்டி. எங்க ஆபீஸ்ல பைத்தானுக்கு ஆள் எடுத்தாக" என்று சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றாய். "பைத்தானுக்கு ஆள் வேணுமெண்டு உங்கட ஆபீஸ் வாசலில ஒட்டியிருந்ததைப் பார்த்தனான். உன்னட்டக் கேக்க முதலே பிரவுசிங் சென்டரில ரெண்டிலயும் ஒரே புரோகிராமை எழுதிப் பார்த்துட்டன். பிழை விட்டா எது விளங்கிற மாதிரிச் சொல்லுதோ, அதைப் படிக்கலாமெண்டு. எனக்குப் பைத்தான்தான் பிடிச்சது."

"பெறகு ஏன்டி ஜாவா படிச்ச?"

"நான் வரக்கூடாதெண்டு நீ நினைக்கிற இடத்தில, உனக்குப் பக்கத்தில எப்படியடி இருக்கிறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய். நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டு அழுவதாக நினைத்து என் முதுகைத் தடவினாய். இதைத்தான் அன்று சொல்லாமல் விட்டேன்: அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். இவளால் எப்படி இப்படி இருக்க முடிகிறது, என்னால் ஏன் முடியவில்லை என்ற ஆத்திரம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு பாம்பன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ள எழுதுனத பாத்துக்க ஆளு இல்லம்மா. நீ கூடப் படிச்சவதான?" ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் புரோகிராமைத் திறந்து இரண்டு நாள் குற்றம் தேடினேன். உண்மையாகவே தேடினேன். பைத்தானில் எல்லாவற்றையும் திருப்பி எழுத ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தாய், யாரோ வந்து படிப்பார்கள் என்று எதிர்பார்த்ததுபோல. அதைப் பார்த்துத்தான் நான் ஜாவா கற்றுக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு வருடத்தில் நீ தொட்ட இடத்துக்கு மூன்று வருடமாகியும் நான் வந்து சேரவில்லை.

போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு படகுக்காரர் ஐஸ் கம்பெனியில் என்னைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கத்தா, ஒருநாள்கூட மக்கர் பண்ணல" என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர் வாசல் வரை போய்விட்டார். பின்னாலேயே போய் நிறுத்தி, "நான் செய்யலண்ணே. மண்டபம் முகாம்ல என் கூட்டாளி ஒருத்தி இருந்தா. அவ எழுதுனது" என்றேன்.

"அப்படியா? எங்கத்தா அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். அவர் உன் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். உன் பெயர் அவர் வாயில் அவ்வளவு மரியாதையாக வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.