ராணியை நான் கொடுக்கவில்லை

பாலிங்
சுபானு வருஷம், ஆனி மாதம்

அன்பு மகள் பிரேமாவதிக்கு அப்பா பழனியாண்டி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதினால் பொய்யாகும், சுகமில்லை என்று எழுதினால் இந்த ஜப்பான்காரர்களுக்குச் சந்தோஷமாகிவிடும், அதனால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், தலை நிமிர்ந்துதான் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் அப்படியே இருக்க முருகன் துணை. ஊருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம், நான் சிங்கப்பூர் என்றுதான் எழுதுவேன். தேதியும் நம்முடையதைத்தான் போட்டிருக்கிறேன். இது தபாலில் வருகிற கடிதம் இல்லை. சுங்கை பட்டாணி ரயில் ஸ்டேஷனில் கணக்கு எழுதுகிற கிராணி அரியரத்தினம் வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கிராணிகள் கையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாற்றி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் மனசில் உள்ளதை எழுதலாம். சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து பதினாறு மாதமாக உன் எழுத்து ஒன்றும் இல்லை.

இங்கே அரிசி கைப்பிடிதான், மற்றதெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, சாயந்திரம் உன் அம்மா அதையே அரைத்து ஊற்றித் தோசை என்று பெயர் வைத்துப் போடுகிறாள், நானும் தோசை என்று நம்பித் தின்கிறேன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டது. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் இருக்கிறான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து தீர்ந்துபோய், மருந்தில்லாத டிரெஸ்ஸராகக் காய்ச்சல்காரர்களின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். காலி பாட்டிலுக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் மட்டும் குறைவில்லை, அதனால் நான் அவற்றில் வளர்க்கிற எறும்புகளுக்கு நல்ல காலம். பக்கத்து வீட்டு முனியாண்டியும் இப்போது வளர்க்கிறான். அவனுக்குக் கெரெங்காதான் உயர்த்தி, இலைகளை இழுத்துப் பிடித்துக் குஞ்சின் நூலால் ஒட்டித் தைக்கிற சிவப்பெறும்புக்கு முன்னால் எந்தத் தையல்காரனும் நிற்க முடியாது என்கிறான், ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே அதற்குக் கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறான். அரியரத்தினத்துக்கு, தாடையைப் படாரென்று மூடிப் பின்னால் துள்ளுகிறதே, அந்த எறும்புமேல்தான் ஆசை. உன் அம்மா பிள்ளையார் எறும்பைத் தவிர வேறெதையும் எறும்பாகவே சேர்ப்பதில்லை, கடிக்காமல் தன் வழியே போகிறதே, அதுதான் நல்ல குடும்பத்து எறும்பு என்கிறாள். நான் மாறவில்லை. ஒரு விரல்கணு நீளத்துக்கு இருக்கிற நம் காட்டுக் கட்டெறும்புதான் எனக்கு, முன்பக்கம் கறுப்பும் பின்பக்கம் தேன் நிறமுமாக அது நடக்கிற நடையே வேறு.

நீ கல்யாணமாகிக் கிளம்பியதற்கு முதல் நாள், மழை விட்ட அந்தியில், ஆஸ்பத்திரி விளக்கடியில் பிடித்தாயே, அந்தக் கட்டெறும்பு ராணி நன்றாக இருக்கிறது. நான் வரும்வரை இதைச் சாகவிடாதீர்கள் அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது அதற்கு நூறு மக்களுக்கு மேல். குழாய்மேல் உன் அம்மா தினமும் விபூதி பூசுகிறாள். ராணிக்கு உயிர் இருக்கும்வரை பிரேமாவுக்கும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குள் ஒரு கணக்கு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். ஆனால் விடிந்ததும் துணியை விலக்கிக் குழாயை முதலில் பார்ப்பது நான்தான்.

பங்குனியில் அந்த அதிகாரி கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தான். அலமாரியில் பாட்டில்களைப் பார்த்ததும் புண்ணை மறந்து தரையில் மண்டியிட்டுவிட்டான். சின்ன வயதில் அவனும் எறும்பு வளர்த்தவனாம். கடைத்தெரு மலாயில் அவன் தன் ஊர் எறும்பைப் பற்றிச் சொன்னான், நானும் நம்முடையதைச் சொன்னேன், பொய் சொல்வானேன், அரை மணி நேரம் அவன் யார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அதற்காக இன்னும் என்மேலேயே எனக்குக் கோபம். இருப்பதில் எது உயர்ந்தது என்று கேட்டான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கட்டெறும்பைக் காட்டி, அதன் ராணி வீட்டில் இருப்பதையும் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, அதன் ராணியை நாளைக் காலை பங்களாவுக்குக் கொண்டு வா என்றான். கொடுத்துத் தொலை, தோலாவது மிஞ்சும் என்று முனியாண்டி சொன்னான். உன் அம்மா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அப்போதுதான் என் பழைய முட்டாள்தனம் ஞாபகம் வந்தது. நான் வளர்க்கத் தொடங்கிய புதிதில், கூட்டத்திலேயே பெரிய தலையாக இருந்த ஒன்றை ராணி என்று மூன்று மாதம் வெல்லம் கொடுத்து வளர்த்தேன், முட்டையே காணோம். பத்து வயதுப் பெண் நீ எட்டிப் பார்த்து, அப்பா இது காவல்காரன், முதுகைப் பாருங்கள், இறக்கை விழுந்த தழும்பே இல்லை என்று சிரித்தாய். அந்தப் புத்தியை நான் அவனுக்குப் பயன்படுத்தினேன். இருப்பதிலேயே தலை பெருத்த காவல்காரனையும் கூட இருபது எறும்பையும் புதுக் குழாயில் போட்டு, தண்ணீருக்குப் பஞ்சு அடைத்து, மரியாதையாகக் குனிந்து, இதுதான் ராணி என்று கொடுத்தேன். தலை பெருத்தவனெல்லாம் ஆளுகிறவன் என்று நினைக்கிறவனுக்கு அது போதும்.

வைகாசி முடிவில் திரும்பி வந்தான். அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரி அலமாரியைக் கரையான் அரித்ததென்று எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன், நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். குழாயை மேஜைமேல் வைத்தான். முட்டை இல்லை, தழும்பும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டான். ராணி எங்கே என்றான். செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், உன் அம்மா நிற்கும்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. “அனாக் சாயா புன்யா. தா போலே காசி” என்றேன், என் மகளுடையது, கொடுக்க முடியாது என்று. இரண்டு அறை விட்டான், ஒரு பல் போயிற்று. கடைவாய்ப் பல்தான், கிழங்குக்கு அது எதற்கு? பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். தரையெல்லாம் கண்ணாடியும் எறும்பும். முனியாண்டி என்னிடம் கொடுத்து வைத்திருந்த கெரெங்காக் கூடு ஒன்றும் அதில் உடைந்தது, அதிகாரியின் பூட்ஸுக்குள் போய் அவை தங்கள் வேலையைச் செய்தன, வாயில் ரத்தத்தோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா அத்தனை நேரமும் சேலை மடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். போகும்போது அவன் அந்தக் கையைப் பார்த்தான். புரிந்துதான் விட்டுவிட்டுப் போனானோ என்னவோ, புரிந்திருந்தாலும் நான் அவனுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. அவள் மடியில் ஒளித்திருந்த குழாயில் ராணி இருந்தது, மறுநாளே முட்டை வைத்தது.

நீ கொதிக்க வைத்த தண்ணீரையே குடி. சிப்பாயைக் கண்டால் குனிந்துவிடு, முதுகு வளைந்தால் மனசு வளைந்ததாகாது, மாப்பிள்ளைக்கும் சொல். என்னைப்போல் வாய் கொடுக்காதே, அது எனக்குப் போதும்.

இதனுள் ஒரு காகித மடிப்பு இருக்கும், காற்றடிக்காத இடத்தில் பிரி. நீ பிடித்த அன்றைக்கு ராணி குழாயில் உதிர்த்த பெரிய இறக்கை இரண்டில் ஒன்று அது, ஜோடி என்னிடம் இருக்கிறது. யாராவது வந்து பிரேமா சுகமாக இருக்கிறாள் என்றால் உன் அம்மா நம்பமாட்டாள், நம்மைத் தேற்றப் பொய் சொல்கிறார்கள் என்பாள். நான் எழுதியதே கொண்டுவருகிற கைகளுக்கு ஆபத்து, நீயும் எழுதி அதை இரட்டிப்பாக்க வேண்டாம். அந்த இறக்கையை மட்டும் மடித்துத் திருப்பி அனுப்பு, அவள் ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு, நூறு வயது இருங்கள். இறக்கையை மறக்காதே, ஒரு வார்த்தையும் வேண்டாம், அது போதும். வர நாளானாலும், வராமலே போனாலும், உன் ராணியை நான் சாகவிடப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த உன் அப்பா,
பழனியாண்டி